சாவி கட்டிய ஒயர்

வேலை செய்யும்போது அவனுக்கு வாய் ஓயாது. அதனால்தான் லிஃப்ட் கம்பெனியில் அவனுக்கு ரேடியோ என்று பேர் வைத்தார்கள். "மெயின் ஆஃப். பூட்டு போட்டாச்சு. பூட்டுச் சாவி இடது பையில. மூடி கழட்டியாச்சு. ஸ்க்ரூ நாலு, டப்பாவுல நாலு." பக்கத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இப்படியே ஓடிக்கொண்டிருக்கும். யாராவது, "ரேடியோ, சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பா, காது வலிக்குது" என்பார்கள். சிரிப்பான். குறைக்க மாட்டான். குறைத்தால் நாலு ஸ்க்ரூ மூன்றாகிவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

பதினாறு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். தொழிலில் கெட்டிக்காரன், அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. மொட்டை மாடி மெஷின் ரூமுக்குள் நுழைந்து இரண்டு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு, பேனலில் டிக் டிக்கென்று அடிக்கும் ரிலே சுவிட்சுகளைக் கேட்டால் போதும், "மூணாவது ரிலே ஒட்டுது" என்று சொல்லிவிடுவான். கழற்றிப் பார்த்தால் அதுதான். அந்த மாதிரி ஒரு கோளாறு மாட்டிவிட்டால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஒருநாள் அப்படித்தான் ஒரு ரிலேவைக் கட்டிக்கொண்டு நாலு மணி நேரம் உட்கார்ந்துவிட்டான். நீச்சல் வகுப்பு வாசலில் அவன் பெண் ஈரத்தலையோடு ஒன்றரை மணி நேரம் காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயசு. அவன் மூச்சு வாங்க ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவள் அழவில்லை. "ரிலே சரியாயிடுச்சாப்பா?" என்று கேட்டாள். அதைக் கேட்டதற்கு அவள் நாலு அறை அறைந்திருக்கலாம்.

சின்ன வயதிலிருந்தே அவன் கதை இதுதான். அவனைத் திட்டாத மனிதர் ஒருவர் இருந்தார் என்றால் அவர் அவனைச் சந்திக்காதவராக இருக்க வேண்டும். புத்தகப் பையைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்த பிள்ளை. வீட்டில் எது காணாமல் போனாலும் அவன் அப்பா "யாருடா தொலைச்சது?" என்று கேட்கமாட்டார். நேராக அவனிடம் வந்து "எங்கடா தொலைச்ச?" என்பார். வீட்டில் இரண்டு அண்ணன்கள் இருந்தார்கள், ஒரு அக்கா இருந்தாள். அவர்களிடம் ஒரு நாளும் அந்தக் கேள்வி போனதில்லை. அவனும் சட்டைப்பையைத் தடவிப் பார்க்க ஆரம்பித்துவிடுவான். தான் பார்க்கவே பார்க்காத பொருளையும் தேடுவான்.

அவன் பெண்ணுக்கு ஒன்பது வயதானபோது பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பினார்கள் என்று டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். டாக்டரம்மா ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார். பெண்ணுக்காகப் பேனாவை எடுத்தவன் பாதியில் நிறுத்திவிட்டு, "இது அவளுக்கா எனக்கா டாக்டர்?" என்று கேட்டான். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அவனுக்கும் ஒரு தாளைக் கொடுத்தார். ஏ.டி.ஹெச்.டி. சோம்பேறித்தனம் இல்லை, திமிர் இல்லை, அக்கறை இல்லாமல் இல்லை, மூளையின் அமைப்பே அப்படி என்று அரை மணி நேரம் பொறுமையாகச் சொன்னார். அப்போது அவனுக்கு முப்பத்தொன்பது முடிந்திருந்தது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். சந்தோஷமா துக்கமா என்று அவன் மனைவிக்குப் புரியவில்லை. கேட்டாள். "லேட்டு" என்றான்.

அதற்குப் பிறகு ஒழுங்காகத்தான் இருந்தான். சும்மா சொல்லக் கூடாது, படாத பாடுபட்டான். காலையில் மாத்திரை. செல்போன் ஒரு நாளைக்குப் பதினாலு தடவை மணியடிக்கும், ஒவ்வொரு மணிக்கும் ஒரு வேலை. வீட்டில் மூடி போட்ட டப்பாவே கிடையாது. மூடினால் உள்ளே இருப்பது அவனுக்கு உலகத்திலேயே இல்லாமல் போய்விடும். எந்தச் சீட்டு வந்தாலும் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான், பை பிதுங்கினாலும் எடுத்தெறிய மாட்டான். அப்படியும் மிச்சம் விழுவதை அவன் மனைவி பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை வருகிறவர்களுக்கு எழுத்துத் தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் இவனுக்கு அடுப்பு அணைத்தாயிற்றா, குழாய் மூடியாயிற்றா. "நீங்க மறக்கறதுக்கு நான் இருக்கேன். நான் மறக்கணும்னா எனக்கு யார் இருக்கா?" என்று ஒரு தடவை கேட்டாள். பதில் வரும் என்று நினைத்து அவள் கேட்கவில்லை.

டாக்டர் கொடுத்த கடிதத்தை ஒரு வருஷம் கழித்துக் கம்பெனியில் கொண்டுபோய்க் கொடுத்தான். மறைக்க வேண்டாமே என்று. மேனேஜர் எழுந்து நின்று கை கொடுத்தார், "சொன்னீங்களே, அதுவே நல்லது" என்றார். கடிதம் ஃபைலுக்குள் போயிற்று. அவன் செய்த மகா பெரிய முட்டாள்தனம் அதுதான், ஆனால் அது தெரிய எட்டு மாசம் ஆயிற்று.

இந்த இடத்தில் லிஃப்ட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். லிஃப்ட் கதவு முழுசாகச் சாத்தினால்தான் கதவுப் பூட்டு வழியாகக் கரண்ட் போகும், கரண்ட் போனால்தான் லிஃப்ட் நகரும். சோதனை பார்க்கும்போது சில சமயம் அந்தப் பூட்டை ஏமாற்ற வேண்டியிருக்கும். மெஷின் ரூம் பேனலில் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு துண்டு ஒயரைச் சொருகினால் போதும், கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக லிஃப்ட் நம்பிவிடும். வேலை முடிந்ததும் ஒயரைப் பிடுங்கியாக வேண்டும். மறந்துவிட்டு வந்தால், கதவு ஆவென்று திறந்து கிடக்க லிஃப்ட் பாட்டுக்குக் கிளம்பிப் போகும். இந்தத் தொழிலில் மன்னிப்பே இல்லாத தப்பு அது ஒன்றுதான்.

அதற்கு ரேடியோ ஒரு வழி செய்து வைத்திருந்தான். அவனிடம் இரண்டே இரண்டு ஒயர். இரண்டும் சிவப்பு, முழ நீளம். இரண்டையும் தன் வண்டிச் சாவி வளையத்தில் கோத்து முடிச்சுப் போட்டிருந்தான். ஒயர் பேனலில் இருந்தால் வண்டிச் சாவியும் பேனலில் தொங்கும். சாவி இல்லாமல் வண்டி கிளம்பாது. அவன் மறந்தாலும் வண்டி மறக்க விடாது. மற்ற மெக்கானிக்குகள் இதைப் பார்த்து, "ரேடியோவுக்குத் தாலி கட்டின ஒயரு" என்று சிரித்தார்கள். இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த ஒயர் பேனலில் தங்கியதில்லை.

அன்றைக்கு ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. அவனோடு வந்தவர் மூத்த மெக்கானிக் அண்ணன். முப்பத்தாறு வருஷ அனுபவம். மேனேஜர் முதல் துப்புரவு ஆள் வரைக்கும் கம்பெனியே அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடும். அவர் எதையும் எழுதி வைத்து யாரும் பார்த்ததில்லை. கேட்டால் நெற்றியைத் தட்டி, "எல்லாம் இங்க இருக்கு" என்பார். இரண்டு பேரும் மெஷின் ரூமில் கொஞ்ச நேரம் இருந்தார்கள். பிறகு ரேடியோ கீழே, லிஃப்ட்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கி ஸ்பிரிங்குக்கு கிரீஸ் வைத்தான். மத்தியானம் வேலை முடிந்தது, வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் சாயங்காலம், நாலாவது மாடியில் தையல் கடை வைத்திருந்த அம்மாள் லிஃப்ட்டிலிருந்து வெளியே கால் வைத்தார். கதவு திறந்தபடியே லிஃப்ட் மேலே கிளம்பியது. இடது கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்தது. போய்ப் பார்த்த சூப்பர்வைசர் பேனலிலிருந்து ஒரு சாண் நீல ஒயரைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

விசாரணை என்று மேனேஜர் அறையில் உட்கார வைத்தார்கள். மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் அந்த நீல ஒயர்.

"இது யாரோடது?" என்றார் மேனேஜர்.

அண்ணன் தன் கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோ சாவியை எடுத்து மேஜையில் வைத்தான். "என்னோடது இது சார். ரெண்டுதான். சிவப்பு."

"சரி. ஏதோ அவசரத்துல கையில கிடைச்ச ஒரு துண்டை எடுத்துச் சொருகியிருக்க மாட்டீங்கன்னு நிச்சயமாச் சொல்ல முடியுமா?"

நிச்சயமா. அந்த ஒரு சொல்லில் அவன் ஆடிப்போய்விட்டான். அன்றைக்குக் காலையை மனசுக்குள் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்தான். மெஷின் ரூம் ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது ஞாபகம் வந்தது. இரண்டாவது ரிலே கொஞ்சம் இழுத்தது ஞாபகம் வந்தது. அண்ணன் ஏதோ சொன்னார், அதுவும் பாதி வந்தது, என்ன சொன்னார் என்பது வரவில்லை. நீல ஒயரைத் தொட்டோமா? தொடவில்லை என்றுதான் தோன்றியது. ஆனால் அவனுக்கு அப்படித் தோன்றின எத்தனையோ விஷயங்கள் கடைசியில் அவன் செய்ததாகத்தான் இருந்திருக்கின்றன. நாற்பது வருஷமாக ஊரே அவனிடம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, அவன் ஒருத்தன் அதற்கு எதிராக என்ன சாட்சி சொல்வான்?

"நிச்சயமாச் சொல்ல முடியாது சார்."

மேனேஜர் ஃபைலைத் திறந்தார். மேலேயே டாக்டரின் கடிதம் இருந்தது. "உங்க நிலைமை எங்களுக்குத் தெரியும். யாரும் உங்களைக் குத்தம் சொல்லல" என்றார். குத்தம் சொல்லும்போது எல்லாரும் சொல்வது அதைத்தான். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும்தான் சார் மேல இருந்தோம்" என்றார் அண்ணன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

"அப்போ நானாத்தான் இருக்கும்" என்றான் ரேடியோ.

அறையில் இருந்த அத்தனை பேரும் அப்பாடா என்று மூச்சு விட்டது அவனுக்கே கேட்டது. எழுதிக் கொடுத்தான், கையெழுத்துப் போட்டான். இனிமேல் அவன் பேனலைத் தொடக் கூடாது, ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து நட்டு போல்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஒயர் கம்பெனிச் சொத்து என்று சூப்பர்வைசர் அந்த இரண்டு சிவப்பு ஒயரையும் வளையத்திலிருந்து வெட்டி எடுத்துக்கொண்டு வெறும் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தத் தையல்கார அம்மாளைப் பார்த்தான். காலை உயரத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். திட்டுவார், திட்டட்டும் என்றுதான் போனான்.

"நீங்களே ஒத்துக்கிட்டீங்கன்னு சொன்னாங்க" என்றார் அந்த அம்மாள். "இந்தக் காலத்துல யாருங்க ஒத்துக்கறாங்க. உங்களுக்குப் பெரிய மனசு."

"கால் சரியாயிடுமாம்மா?"

"நடந்துடலாமாம். மெஷின் மிதிக்கறதுதான் பாக்கணும்னு சொல்றாங்க."

அவன் பிறந்ததிலிருந்து யாரும் அவனைப் பெரிய மனசுக்காரன் என்று சொன்னதில்லை. அப்படி ஒரு நல்ல பேர் கிடைக்க ஒரு பெண்பிள்ளையின் கால் உடைய வேண்டியிருந்தது. வெளியே வந்து வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று கால் மணி நேரம் தேடினான்.

ஸ்டோர் ரூமில் ஜன்னல் கிடையாது. இரும்பு அலமாரி, எண்ணெய் நாற்றம், ஒரு டியூப் லைட். சத்தமே இல்லாத இடம். கேட்கிற மாதிரி ஒரு ரிலே இல்லை, ஒரு மோட்டார் இல்லை. அவன் வாயும் அடங்கிப்போயிற்று. "என்ன ரேடியோ, பேட்டரி தீந்துடுச்சா?" என்று கேட்டார்கள். அதற்கும் சிரித்தான்.

ஒன்றரை மாசம் கழித்து ஒரு காலை அண்ணன் ஸ்டோருக்கு வந்தார். சாமான் சீட்டைத் தேடுகிறேன் என்று சட்டைப்பையைக் காலி பண்ணி ஒவ்வொன்றாகக் கவுண்டரில் வைத்தார். பேனா. மூக்குக் கண்ணாடி. ஒரு சாண் நீல ஒயர், இரண்டு முனையும் சீவி வைத்தது.

ரேடியோ அதைப் பார்த்தான். அண்ணன் அவன் பார்ப்பதைப் பார்த்தார். உடைந்த ஜன்னல் கண்ணாடியும் இரண்டாவது ரிலேயும், அன்றைக்கு மேனேஜர் அறையில் வராமல் போன மிச்சப் பாதியும் இப்போது சேர்ந்து வந்தன.

"அண்ணே, 'நீ குழியைப் போய்ப் பாரு, இதை நான் பாத்துக்கறேன்'னு சொன்னீங்க."

அண்ணன் ஒயரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "ரெண்டு வருஷம் தம்பி" என்றார். "ரெண்டு வருஷத்துல ரிடையராகி நானே கிளம்பிடறேன்."

"அந்தம்மாவுக்குக் கால் உடைஞ்சுதுண்ணே."

"தெரியாமயா? எனக்குச் சோறு இறங்கல." குரலைத் தணித்துக்கொண்டார். "இப்பல்லாம் எனக்கு என்னமோ ஆகுது. மேல ஏறினா எதுக்கு ஏறினோம்னு நிக்கறேன். ஆனா உனக்கு ஒரு பேரு இருக்கு, டாக்டரே எழுதிக் குடுத்துட்டாங்க. உன்னைக் கம்பெனி தூக்காது. எனக்கு என்ன பேரு இருக்கு? அண்ணன்ங்கறதுதான். அதுவும் போச்சுன்னா நான் யாரு? உனக்கு... உனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம் இருக்கு தம்பி."

தப்பாகச் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை அவர். உண்மையைத்தான் சொன்னார். "இன்னும் பேனலைத் தொடறீங்களா?" என்று கேட்டான் ரேடியோ.

"நாளைக்குக் கண் ஆஸ்பத்திரி லிஃப்ட்டு" என்று சொல்லிவிட்டு அண்ணன் சாமான்களை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று மத்தியானமே சூப்பர்வைசரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே கேட்டார். "அன்னைக்கு நான்தான்னீங்க. இன்னைக்கு அண்ணன்ங்கறீங்க. நாளைக்கு யாரு, நானா?" என்றார். பிறகு குரலில் கொஞ்சம் கனிவு வந்தது. கனிவுதான் அவனை இன்னும் கொன்றது. "இன்னைக்கு மாத்திரை போட்டீங்களா?"

போட்டோமா என்று ரேடியோவுக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. அந்த ஒரு நொடித் தயக்கம் போதுமாக இருந்தது. சூப்பர்வைசர் தலையை ஆட்டிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது ரேடியோ ஸ்டோரிலிருந்து இரண்டு சிவப்பு ஒயரை முழ நீளத்துக்கு வெட்டி, முனை சீவி, அண்ணனின் பையில் வைத்துவிட்டுப் போனான். "வண்டிச் சாவியில கட்டிக்கோங்கண்ணே" என்று ஒரு சீட்டும் எழுதி வைத்தான். மறுநாள் காலை அந்த இரண்டு ஒயரும் வாசல் பக்கத்துக் குப்பைக்கூடையில் கிடந்தன.

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் சொன்னான். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் அவன் பெண் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பதினோரு வயசாகியும் அவளை அவன் பாப்பா என்றுதான் கூப்பிடுவான்.

"அப்போ நீங்க இல்லையா?" என்றாள் மனைவி.

"நான் இல்ல. அண்ணன்."

"நிச்சயமாவா?"

"நிச்சயம்."

அவள் ஒரு சட்டையை மடித்து வைத்தாள், இன்னொன்றை எடுத்தாள். "போன மாசம் அடுப்பை அணைச்சிட்டேன்னும் நிச்சயமாத்தான் சொன்னீங்க." அவள் குரலில் கோபம்கூட இல்லை, வெறும் களைப்புதான். "எழுதிக் குடுத்தாச்சு, எல்லாரும் அடங்கிட்டாங்க. இப்பப் போய் இல்லைன்னா யார் நம்புவா? விட்டுடுங்க."

கட்டிக்கொண்டவளே நம்பாதபோது ஊரைச் சொல்லி என்ன ஆகப் போகிறது. மேஜையில் பென்சில் ஓடும் சத்தம் நின்றிருந்ததை அவன் கவனிக்கவில்லை. அவனாவது, கவனிப்பதாவது.

அடுத்த வாரம் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. ஸ்டோரில் சொல்லிவிட்டுப் போனான். தலைமையாசிரியை அறையில் பாப்பா ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். வகுப்பு டீச்சர் நடந்ததைச் சொன்னார். வகுப்பில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. வியாழக்கிழமை கடைசி மணி அடித்தபோதுகூடத் தொட்டியில் காற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததை டீச்சரே பார்த்திருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை வந்து பார்த்தால் சுவிட்ச் அணைந்திருக்கிறது, பன்னிரண்டு மீனும் மிதக்கின்றன. யார் என்று கேட்டதும் வகுப்பு மொத்தமும் திரும்பி அவளைப் பார்த்திருக்கிறது. அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"அதட்டக்கூட இல்லைங்க. தானே ஒத்துக்கிட்டா, தானே எழுதிக் குடுத்துட்டா" என்றார் டீச்சர். "அதுக்கே பெரிய மனசு வேணும். நீங்க கீழ ஒரு கையெழுத்துப் போட்டா விஷயம் முடிஞ்சுது."

தாளையும் பேனாவையும் அவனிடம் நீட்டினார். பாப்பாவின் கோணல் எழுத்து. 'மீன் தொட்டி மோட்டாரை அணைத்தது எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் நானாகத்தான் இருக்கும். மன்னிக்கவும்.'

இரண்டாவது வரியை அவன் மூன்று தடவை படித்தான். அதை அவள் எங்கே கற்றுக்கொண்டாள் என்று யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனி விசாரணையைப் பற்றி அது நடந்த அன்றே அவன் வீட்டில் வார்த்தைக்கு வார்த்தை சொல்லியிருக்கிறான், சோறு போட்டுக்கொண்டிருந்த மனைவியிடம், பாப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே.

பேனாவைக் கீழே வைத்தான். வியாழக்கிழமை. வியாழக்கிழமை என்று உதடு அசைந்தது. சட்டைப்பையில் கையை விட்டு உள்ளே இருந்ததை எல்லாம் அள்ளி மேஜை மேல் போட்டான். மருந்துக் கடைச் சீட்டு, வண்டி நிறுத்தின சீட்டு, ஒரு ஸ்க்ரூ, மடங்கிப்போன ஒரு அட்டை. பல் டாக்டர் கொடுத்த அட்டை. அவள் பேர், வியாழக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டரை.

"மேடம், அன்னைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நான்தான் வந்து இவளைக் கூட்டிட்டுப் போனேன். பல் பிடுங்கினாங்க. திரும்ப ஸ்கூலுக்கு வரல. கடைசி மணிக்கு மோட்டார் ஓடிச்சுன்னு டீச்சரே சொல்றாங்க. அப்போ இவ இங்கயே இல்ல."

டீச்சர் அட்டையைப் பார்த்தார், தலைமையாசிரியையைப் பார்த்தார். "ஆனா அவளே எழுதிக் குடுத்திருக்காளே சார்" என்றார் தலைமையாசிரியை.

ரேடியோ வண்டிச் சாவியை எடுத்து அந்தத் தாளின் மேல் வைத்தான். "இந்தத் தாளை நீங்க கிழிக்கற வரைக்கும் இந்தச் சாவி இங்கயே இருக்கும் மேடம். நான் கிளம்ப மாட்டேன்."

பாப்பா அவன் பக்கத்தில் வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. "விடுங்கப்பா" என்று மெதுவாகச் சொன்னாள். "நம்மள மாதிரி ஆளுங்க முதல்லயே ஒத்துக்கிட்டா திட்டு கம்மிப்பா."

"நீ செய்யல பாப்பா."

"மறந்துட்டுச் செஞ்சிருப்பேன்."

"நீ பல் டாக்டர் நாற்காலியில உக்காந்திருந்த. நான் உன் கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்."

அவள் அட்டையை வாங்கிக் கிழமையைப் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள். பிடுங்கின பல் இருந்த இடத்தை நாக்கால் தொட்டுப் பார்ப்பது கன்னத்தில் தெரிந்தது. "நிச்சயமாவாப்பா?" என்று கேட்டாள்.

"நிச்சயம்" என்றான் அவன். அவன் போட்ட சத்தத்தில் டீச்சர் ஒரு அடி பின்னால் போனார்.

தலைமையாசிரியை சாவியை நகர்த்தி வைத்துவிட்டு, தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தார், நாலாகக் கிழித்தார், கூடையில் போட்டார். "சரி பாப்பா, நீ இல்ல" என்றார். அவ்வளவுதான் வேலை. பத்து நொடிகூட ஆகவில்லை. பாப்பா கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"உங்க தாளை யாருப்பா கிழிப்பாங்க?"

மேஜை மேல் கிடந்த சீட்டுகளையும் ஸ்க்ரூவையும் அவன் ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். அட்டையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். கடைசியாகச் சாவியை எடுத்தான்.

"வண்டிச் சாவி கையில" என்று சொன்னான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான்.